கிராணி பெயரில் பதினொரு வீடுகள்

நீதிமன்றச் செய்தி எழுதப் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினார். வாக்காளர் பட்டியலைப் பற்றி நீங்கள் இப்போது எழுதிவருவதை நானும் வாசிக்கிறேன். சட்டத்தைச் சரியாகச் சொல்கிறீர்கள். மொழியும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வாசித்து முடித்த பிறகு, என் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எங்கே போய்ப் பார்ப்பது, எந்த நாளுக்குள் பார்ப்பது என்பது எனக்குத் தெரியவில்லை. இதே பிழையை நான் உங்கள் வயதில் செய்தேன். அப்போது அது பிழை என்றே எனக்குத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை வாரத்தில் மூன்று நாள் வரும். அச்சகமும் ஆசிரியர் அறையும் ஒரே கூடம்தான். நடுவில் ஒரு துணித் திரை. கோலாலம்பூர் நீதிமன்றத்துக்கு நான் தினமும் நடந்தே போவேன். அரசாங்க கெஜட்டையும் தீர்ப்புகளையும் தமிழில் எழுதுவது என் வேலை. மற்றவர்கள் எழுதத் தயங்கும் சட்ட வாசகங்களை நான் ஒரு சொல் விடாமல் எழுதிவிடுவேன் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகளுக்குப் பின்னால் ஒரு சிறிய அம்மன் கோயில் இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களும் அவர்களைச் சுற்றிப் பிழைத்தவர்களும் சேர்ந்து கட்டியது. அதன் நிர்வாகம் யார் கையில் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டு, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணை நான்கு மாதம் நடந்தது. முடிவில் நீதிபதி, நிர்வாகக் குழுவைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கும்படி உத்தரவிட்டார். அந்த வட்டாரத்தில் நிலமோ வீடோ சொந்தமாக வைத்திருக்கும் ஒவ்வொரு நபருக்கும் ஒரு வோட்டு. சொந்தக்காரர் என்றால் யார் என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிட்டார். நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். யார் குடியிருக்கிறார், யார் கட்டினார் என்பதெல்லாம் விசாரிக்கப்பட மாட்டாது.

தீர்ப்பை நான் இரண்டு பத்தி நீளத்துக்கு எழுதினேன். கடைசியாக நான் சொன்ன அந்த வாக்கியத்தைத் தமிழில் கொண்டுவர அரை நாள் ஆனது. நன்றாக வந்தது. ஆசிரியர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை.

அந்த வாக்கியம் யார் வீட்டுக்குள் போகும், போனால் என்ன செய்யும் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வழக்கறிஞர் ஒருவரை நீதிமன்றம் நியமித்து, பட்டியல் தயாரிக்கச் சொன்னது. அவர் நில அலுவலகத்தில் உட்கார்ந்து பெயர்களை எடுத்து, ஒரு வியாழக்கிழமை பிற்பகல் கோயில் வாசலில் பட்டியலை ஒட்டினார். ஆட்சேபம் இருந்தால் அடுத்த புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தேர்தல் அதற்கு அடுத்த ஞாயிறு.

நான் போய்ப் பார்த்தேன். பட்டியலில் ஒரு பெயர் என் கண்ணை நிறுத்தியது. ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து அந்த மாதம்தான் ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். கோயிலுக்குப் பல வருடம் செயலாளர். எல்லாரும் அவரைக் கிராணி ஐயா என்றுதான் சொல்வார்கள். அவர் பெயருக்கு எதிரே பதினொரு வீடுகளின் எண்கள் இருந்தன. அந்த மனிதர் குடியிருந்ததோ ரயில்வே குவார்ட்டர்ஸில்.

கிராணி அன்று காலைதான் ஊருக்குப் போக ரயில் ஏறியிருந்தார் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். மறுநாள் மாலை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல்.

உங்களுக்கே தெரியும், ஒரு நிருபருக்கு அப்போது என்ன தோன்றும் என்று. அலுவலகம் வந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். "ரயில்வே கிராணிக்குப் பதினொரு வீடு வந்தது எப்படி?" என்று தலைப்பு. கீழே யாரையும் நேராகக் குற்றம் சொல்லவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டிருந்தேன். கேள்வி கேட்டால் வழக்கு வராது என்று நினைக்கும் வயது. ஆசிரியர் ஈப்போவுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை இதழ் என் பொறுப்பு. முதல் பக்கத்தில் போடச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய தகர டப்பா. அவளை எனக்குத் தெரியும். பாப்பம்மா. மாடு வைத்து ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றுகிறவள். புருஷன் ரயில்வே பட்டறையில் செத்துப்போனான். கோயில் கட்டும்போது சூளையிலிருந்து செங்கல் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"யாருங்க இங்க கோர்ட்டு சேதி எழுதுற ஆளு?"

"நான்தான்."

"நீங்கதானா? வீடு இருக்கிறவங்களுக்கு வோட்டுன்னு போட்டது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"சலூன்ல படிச்சுச் சொன்னாங்க. சந்தோசமா போனேன். எம்பேரு இல்லைங்கிறான் அந்த வக்கீல் வச்ச ஆளு. பொம்பளைக்கு என்ன வோட்டுன்னு சிரிக்கிறானுங்க. பொம்பளைக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்களா?"

"இல்லை. ஒவ்வொரு நபருக்கும் என்றுதான் தீர்ப்பு. ஆம்பளை பொம்பளை இல்லை."

"அப்ப இதைப் பாத்துச் சொல்லுங்க." டப்பாவைத் திறந்தாள். உள்ளே கற்பூர வாசனை. நான்காக மடித்த தடித்த காகிதம். சிலாங்கூர் அரசாங்கத்தின் முத்திரை போட்ட கிராண்டு. நில உரிமைப் பத்திரத்தை நாம் அப்படித்தான் சொல்வோம். எழுதப்பட்டு ஆன பதினெட்டு வருடமும் அந்தக் காகிதம் வெளிச்சமே பார்க்கவில்லை போலிருந்தது. மடிப்பு அவ்வளவு கூர்மையாக இருந்தது.

விரித்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் கிராணியின் பெயர் இருந்தது.

அவளுடைய பெயர் எங்கேயும் இல்லை.

இரண்டாவது தடவை படிப்பது போல் பாவனை செய்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க?"

"இந்த நிலத்தை எழுதும்போது நீங்க லேண்ட் ஆபீஸ் போனீங்களா?"

"போனேனே. கிராணி ஐயாதான் கூட்டிட்டுப் போனாரு. நமக்கு என்ன தெரியும்? துரை இங்கிலீசுல கேப்பாரு, நீ முழிப்பே, நாளைக்கு ஒரு நோட்டீசு வந்தாலும் படிக்க மாட்டே, ஐயா பேருல இருக்கட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. ஐயா கையெழுத்துப் போட்டாரு. எங்க வரிசையில எல்லாருக்கும் அவருதான் போட்டாரு."

"எல்லாருக்கும்னா எத்தனை பேர்?"

அவள் விரலை மடக்கினாள். சாமிக்கண்ணு, வண்டிக்கார மாரி, வண்ணான் வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேர்... பதினொன்றில் வந்து நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம் என் தலைப்பு எழுத்துக் கோத்துத் தயாராக இருந்தது.

அந்தக் காலத்தில் இது ஒரு வழக்கம். வழக்கம் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அரசாங்கம் மனை பிரித்துக் கொடுத்தபோது, இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் பெயரில் எழுதிவைத்தால் அந்த நிலத்துக்கு ஒரு காவல் என்று நம்பினார்கள். அலுவலகம் என்றால் பயம். பயத்துக்கு நடுவில் நிற்க ஒரு மரியாதைக்குரிய ஆள் வேண்டும். காகிதத்தைத் தாங்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். காகிதம் கையில் இருந்தால் நிலம் கையில் இருக்கிறது என்று நினைத்தார்கள். பதினெட்டு வருடம் அந்த நினைப்புக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அதைக் கெடுக்க ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதை நான் அரை நாள் செலவழித்து அழகாக எழுதியிருந்தேன்.

அவளிடம் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. இப்போதைய நிலையில் சட்டப்படி அந்த வீடு கிராணியுடையது. ஓர் அதிகாரி முன்னிலையில் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மாறும். இன்று மாலை கப்பல் ஏறிவிட்டால், அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பதிவேடு அவர் பிள்ளைகளைத்தான் கேட்கும்.

பாப்பம்மா காகிதத்தை மறுபடி நான்காக மடித்தாள். "எம்மக மூணு புள்ளைங்களோட அந்த வீட்டுலதான் இருக்கா" என்றாள். பிறகு, "நேத்துக் காலைலகூடப் பால் ஊத்துனேனே அவருக்கு. போயிட்டு வாரன் பாப்பம்மான்னு சொன்னாரே" என்றாள்.

தம்பிகளே, தங்கையே, இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். என் கையில் ஒரு செய்தி இருந்தது. எனக்கு எதிரே அதற்குச் சாட்சியாக அவள் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் எனக்குச் சந்தேகம் மட்டும் இருந்தது. இப்போது காகிதமே இருந்தது. அச்சிட்டிருந்தால் இதழ் மறுநாள் பத்து மணிக்குள் தீர்ந்திருக்கும். நான் எழுதிய எந்த வரியும் பொய்யாகவும் இருந்திருக்காது. ஆனால் கிராணி நடுக்கடலில் இருந்திருப்பார். பதினொரு குடும்பங்கள் தங்கள் வீடு போய்விட்டது என்று என் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டிருக்கும்.

திரையை விலக்கிக்கொண்டு போய் அச்சுக் கோப்பவரிடம் அந்தச் செய்தியை எடுத்துவிடச் சொன்னேன்.

"இப்பவா சார்? எடுத்தா அந்த இடத்துல என்ன போடுறது?"

"தைல விளம்பரம் போடு."

"ஏற்கெனவே ரெண்டு தைலம் இருக்கு அந்தப் பக்கத்துல."

"மூணாவது போடு. ஊர்ல எல்லாருக்கும் உடம்பு வலின்னு நினைச்சுக்குவாங்க."

கிராணி நல்லவர் என்று நம்பி நான் அதை நிறுத்தவில்லை. அவர் நல்லவரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் நிறுத்தினேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் நிறுத்தினேன். பின்னாளில் என்னிடம் வேலை கற்றவர்கள் இதைப் பெரிய தர்மமாகச் சொல்லிக்கொண்டார்கள். அது தர்மம் இல்லை, ரயில் அட்டவணை.

ரயிலில் மூன்றாம் வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பாப்பம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்த்தபடி வந்தாள். கிள்ளான் ஆற்றுப் பாலம் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். நீங்க பேப்பர்க்காரங்க, கேட்டுப் பழக்கம் உள்ளவங்க. ஐயாவைத் திருடன் மாதிரி மட்டும் கேட்டுடாதீங்க."

"அவர் திருடனா இருந்தா?"

"இருந்தா அவரே சொல்லட்டும். நாம கேட்டு அவரு இல்லைன்னு சொன்னா, அப்புறம் எப்படி மூஞ்சியைப் பாக்குறது?"

துறைமுகத்தில் பயணிகள் கொட்டகையில் கிராணி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, பக்கத்தில் ஒரு கூஜா. கப்பல் நடு ஆற்றில் நின்றது. ஐந்து மணிக்குப் படகு வந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும். பாப்பம்மாவைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"பாப்பம்மா! இஞ்ச எங்க? ஆருக்கும் சுகமில்லையோ?"

அவள் டப்பாவை மட்டும் நீட்டினாள். நான்தான் பேச வேண்டியிருந்தது. தீர்ப்பைச் சொன்னேன், பட்டியலைச் சொன்னேன், அவர் பெயருக்கு எதிரே இருந்த பதினொரு எண்களைச் சொன்னேன். எதையும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எடுத்த ஒரே பேட்டி அது.

கிராணி காகிதத்தை விரித்துத் தன் பெயரைப் பார்த்தார். முகத்தில் முதலில் தெரிந்தது கோபம். அது என்மேலா, நீதிபதிமேலா, தன்மேலேயா என்று தெரியவில்லை.

"இதுகளை நான் மறந்துபோனன்" என்றார். "பொய் சொல்லேல்லைத் தம்பி, மறந்தே போனன். பதினெட்டு வரியம். கையெழுத்துப் போட்டன், காகிதத்தை அவையிட்டக் குடுத்தன், முடிஞ்சுது எண்டு நினைச்சன். அலுவலகத்தில ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போட்டவன் நான்."

அவர் தலைமைக் கிராணி. ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்று அந்தக் கொட்டகையில் இருந்த வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர். அதை அவரே உணர்ந்திருக்க வேண்டும். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

"நான் செத்திருந்தால்?" என்றார். யாரிடமும் இல்லை.

பாப்பம்மா அப்போதுதான் பேசினாள். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஐயா. சாப்பிட்டீங்களா?"

வாடகை மோட்டார் ஒன்று பிடித்துக் கிள்ளானுக்குத் திரும்பினோம். குன்றின் மேலிருந்த மாவட்ட அலுவலகத்தில், கோலாலம்பூர் நிலத்துக்கும் உரிமை மாற்றப் பத்திரத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போடலாம். பிறகு அதைக் கோலாலம்பூரில் பதிந்தால் போதும். பத்திரத்தைக் கிராணியே நிரப்பினார். முத்து முத்தான எழுத்து. அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், இளைஞர். சட்டப்படி அவர் கேட்டே ஆக வேண்டிய கேள்விகளைக் கேட்டார். சொந்த விருப்பத்தின் பேரில்தான் கொடுக்கிறீர்களா? ஆம். பிரதிபலன் எதுவும் இல்லாமல் ஏன் கொடுக்கிறீர்கள்?

கிராணி இங்கிலீஷில் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஐயா, கொடுப்பதற்கு இது என்னுடையது இல்லை."

"பதிவேடு உங்களுடையது என்கிறதே?"

"ஆம் ஐயா. அதை இன்று மத்தியானம்தான் தெரிந்துகொண்டேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு பாப்பம்மாவின் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தச் சொன்னார். அவள் பலமாக அழுத்தினாள். மை நகத்தைத் தாண்டி ஏறிவிட்டது.

வெளியே வந்தபோது மூன்றரை மணி. மோட்டார்க்காரர் இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருந்தார். துறைமுகத்துக்குப் போக நேரம் தாராளமாக இருந்தது. நான் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு வீடு தப்பியது. நல்ல செய்தி. மீதி பத்துப் பேருக்கு யாராவது ஒரு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், அங்கே ஓர் அதிகாரி முன் கையெழுத்துப் போட்டுத் தபாலில் பத்திரம் அனுப்பலாம், ஆறு மாதத்தில் ஆகும், ஒரு வருடத்தில் ஆகும்.

கிராணி மோட்டாரில் ஏறவில்லை. படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"சாமிக்கண்ணுவுக்கு இது தெரியுமோ?"

"தெரியாதுங்க ஐயா" என்றாள் பாப்பம்மா. "எனக்கே இன்னிக்குத்தானே தெரியும்."

"மாரிக்கு?"

"அவனுக்கும் தெரியாது."

ஒவ்வொரு பெயராகக் கேட்டார். எல்லாப் பெயரும் அவருக்கு நினைவிருந்தது. வீட்டு வரிசைப்படியே சொன்னார். மறந்துபோனன் என்று கொட்டகையில் சொன்னவர், ஒரு வீட்டைக்கூட விடவில்லை. அவர் காகிதத்தைத்தான் மறந்திருக்கிறார், ஆட்களை இல்லை என்று எனக்கு அங்கே புரிந்தது.

"தம்பி, புதன்கிழமைதானே கடைசி நாள்?"

"ஆமாம் ஐயா. ஆனால் உங்கள் கப்பல்..."

"கப்பல் பதினாலு நாளைக்கு ஒருக்கால் போகும். எனக்குத் தந்தி அடிக்க வேணும். ஊரில என்ர மனுசி ஏசுவா. முப்பது வரியமாக இந்தா வாறன் அந்தா வாறன் எண்டு சொன்ன மனுசன், இன்னும் ரெண்டு கிழமை." மோட்டார்க்காரரைப் பார்த்தார். "கொட்டகையில என்ர பெட்டி கிடக்கு. அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு விடும்."

"ஐயா, வேணாங்க" என்றாள் பாப்பம்மா. "அம்மா அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"நீர் பேசாமல் ஏறும்."

அவள் ஏறினாள். ஆனால் பேசாமல் இல்லை. "அப்ப ராத்திரிச் சாப்பாடு எங்க வீட்டுல. குவார்ட்டர்ஸ் சாவியைத்தான் குடுத்துட்டீங்களே, எங்க படுப்பீங்க? எம்மக வீட்டுக்காரன் கட்டிலை விட்டுக் குடுப்பான். தயிர் இருக்கு." கிள்ளான் ஸ்டேஷன் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். கிராணி ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். கோலாலம்பூர் பாதையில் ரயில் திரும்பியபோது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாப்பம்மா பேச்சை நிறுத்திவிட்டு டப்பாவை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். நான் என் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அடுத்த செவ்வாய் இதழில் நான் ஒரு செய்தி எழுதினேன். எட்டே வரி. சட்ட வாசகம் ஒன்றும் இல்லை. உங்கள் கிராண்டில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். வேறு ஒருவர் பெயர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போங்கள். இன்ன அறை, இன்ன நேரம், புதன்கிழமைக்குள். அதற்கு யாரும் தலையை ஆட்டிப் பாராட்டவில்லை. ஆனால் புதன்கிழமை காலை நில அலுவலகப் படிக்கட்டில் நான் பார்த்த கூட்டத்தில், எங்கள் பத்திரிகையின் அந்தத் துண்டைக் கிழித்துக் கையில் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் மட்டும் இல்லை. செந்தூலிலிருந்தும் வந்திருந்தார்கள். என் எழுத்தை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே கிராணி மூன்று நாளாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரே பத்திரம் எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு முழுதும் படித்துச் சொன்னார்.

"சரி சரி ஐயா, நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றான் வண்டிக்கார மாரி.

"அப்பிடிச் சொல்லாதையும்! கேளும். கேட்டுப்போட்டுக் கைநாட்டு வையும்."

புதன்கிழமை மூன்று மணிக்குப் பதினோராவது முடிந்தது. வழக்கறிஞர் பட்டியலைத் திருத்தினார். பதினொரு புதுப் பெயர்கள் சேர்ந்தன. திருத்திய பட்டியலை அச்சிட என்னிடம் கொடுத்தார். எண்ணிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பதினொன்று சேர்ந்திருந்தது. ஒன்று அடிக்கப்பட்டிருந்தது.

கிராணிக்கு இப்போது அந்த வட்டாரத்தில் ஒரு சாண் நிலமும் இல்லை. குவார்ட்டர்ஸ் அரசாங்கத்துடையது. தீர்ப்பின்படி அவருக்கு வோட்டு இல்லை. பல வருடம் அந்தக் கோயிலின் செயலாளராக இருந்தவர், அதன் கணக்குப் புத்தகத்திலிருந்து தேர்த் திருவிழா நோட்டீஸ் வரை தன் கையால் எழுதியவர். வழக்கறிஞரிடம் ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டேன். தீர்ப்பில் இடம் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. அந்த வாக்கியத்தை நானே தமிழில் எழுதியவன்.

கிராணியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது. "கிள்ளான் படிக்கட்டில நிண்டபோதே யோசிச்சன்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும் கயிற்றைத் தாண்டலாம். உள்ளே இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு பெட்டி, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. பெயர் கூப்பிட்டதும் போய், கொடுத்த சீட்டை ஏதாவது ஒரு பெட்டியில் போட வேண்டும். வெயில் ஏறிவிட்டது. கிராணி கயிற்றுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றார். செய்தி எடுக்க வந்தவன் என்பதால் எனக்குக் கயிற்றைத் தாண்ட அனுமதி இருந்தது. எனக்கும் அங்கே நிலம் கிடையாது.

பாப்பம்மா சிவப்புச் சேலை கட்டி வந்திருந்தாள். வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "என்னக்கா, பால் ஊத்தவா வந்தே?" என்று கேட்டான்.

"ஆமா, உனக்குத்தான். தண்ணி கலக்காத பாலு குடிச்சிருந்தா உனக்கும் புத்தி இருந்திருக்கும்."

வரிசை சிரித்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள். குரலைத் தாழ்த்திக் கிராணியிடம் கேட்டாள்.

"ஐயா, எந்தப் பெட்டியில போடணும்?"

"அது உம்மட வோட்டு. நான் சொல்லக் கூடாது."

"என்னங்க ஐயா இது? பதினெட்டு வருசமா எல்லாத்தையும் நீங்கதானே சொன்னீங்க?"

"அதுதான் பாப்பம்மா பிழை."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். வழக்கறிஞரின் ஆள் அவள் பெயரைக் கூப்பிட்டான். அவளுடைய பெயரை, புருஷன் பெயர் சேர்க்காமல், பட்டியலில் இருந்தபடி உரக்கக் கூப்பிட்டான். பாப்பம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். கயிற்றைக் கையால் தாழ்த்தி உள்ளே போனாள். அவளுக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் வெயிலில் நின்றார்கள்.

கிராணி குடையை மடக்கினார். கயிற்றுக்கு மேல் என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீர் உள்ள போகலாம்தானே. இதை அவவிட்டக் குடும். வெயில் கடுமையாக் கிடக்கு."

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று நான் எழுதிய செய்தியில் மஞ்சள் பெட்டிக்கு எத்தனை, பச்சைப் பெட்டிக்கு எத்தனை என்று எல்லாம் இருக்கிறது. குடை இல்லை. பத்திரிகையில் அதற்கு இடம் இல்லை என்று அப்போது நினைத்தேன்.